பெல்ட்டை இறக்கு

அப்பாவின் காதுமடிப்பிலிருந்து மாவு வந்துகொண்டே இருந்தது. பெரியவள் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். துணிதான் வெளுத்தது. ஒரு ஆயுசு மாவு ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்குமா? புருவத்தைத் துடைத்தபோதுதான் அது நிஜமாகவே நரைத்திருந்தது தெரிந்தது. இத்தனை நாளும் அதையும் மாவென்றே நினைத்திருந்தாள்.

அன்று சனிக்கிழமை. வீட்டின் முன்பக்கத்து மில்லில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் செம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

அவரை எல்லோரும் 'ஞாயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மில்லைத் திறக்க மாட்டார் என்பதால் வந்த பெயர், மொட்டையனைச் சுருட்டையன் என்கிற மாதிரி. சனிக்கிழமை சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் அவருக்குப் போதாது. சக்கரத்திலிருந்து பெல்ட்டையே கழற்றித் தொங்கவிடுவார். ஒருநாள் சும்மா கிடந்தால்தான் தோல்பெல்ட் ஆறுநாள் இழுக்கும் என்பார். இது ஆண்டவர் சொன்னதா, பெல்ட் சொன்னதா என்று அம்மா கேட்டால், ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொன்னது என்பார். வீட்டில் யார் பரபரத்தாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "பெல்ட்டை இறக்கு."

அதை அதிகம் கேட்டவள் பெரியவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைதானே சனங்களுக்கு லீவு, அன்றைக்கு மில்லை மூடிவிட்டு யாருக்கு அரைப்பது என்று அப்பாவோடு வருஷக்கணக்கில் வாதாடினாள். ஆராதனை முடிந்து அவர் கூடத்தில் கால் நீட்டி உட்காரும்போது அவளுக்கு எங்காவது ஒரு வேலை இருக்கும். அவர் கோபித்ததில்லை. "நான் இருக்கிறவரைக்கும் வேண்டாம்மா. அப்புறம் உன் இஷ்டம்" என்பார். அந்த அப்புறம் இப்படித் திடுதிப்பென்று வந்து நின்றது.

சாயங்காலம் சித்தப்பா பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாளே அடக்கத்தை வைத்துக்கொள்ளலாம், சொந்தக்காரர்களுக்கெல்லாம் லீவு என்றார். பெரியவளும் தலையாட்டினாள். ஒரு காரியம் இருந்தால் அதை முடித்துவிட வேண்டும் அவளுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதில்லை. வெட்டுகிறவருக்கும் ஒருநாள் வேண்டும் என்று சபைக் கமிட்டியில் சண்டை போட்டு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அப்பாதான். இந்த ஒருதடவை விதிவிலக்கு கேட்கலாம் என்றார் சித்தப்பா.

"ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே, அண்ணி."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தூக்கலாம்னுதானே சொன்னாரு? இறக்கலாம்னு சொல்லலையே."

சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டர் இருமிச் சமாளித்தார். அடக்கம் திங்கட்கிழமைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஐஸ் பெட்டியில் கூடத்தின் நடுவில் இருந்தார். சனிக்கிழமையே அக்கம்பக்கத்தில் சமைத்துக் கொடுத்துவிட்டதால் அடுப்பில் வேலையில்லை. பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. நாற்காலிகளை நேராக்கினாள். மடித்த போர்வையையே உதறி மறுபடி மடித்தாள். உட்கார்ந்தால் அப்பாவைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மோட்டாரைத்தான் நிறுத்தினாள். பெல்ட் சக்கரத்திலேயே இருக்கிறது. அவர் காலத்தில் ஒரு ஞாயிறுகூட அது அப்படிக் கிடந்ததில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"பெல்ட்டை இறக்கலைம்மா."

அம்மா வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கப் பெல்ட்டின் கறுப்பு. பெருவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. மாவு வாடையே ஆகாது என்று, கல்யாணமான நாள் முதல் மில்லுக்குள் எட்டிப் பார்க்காத அம்மா அவள்.

"நேத்து நீங்கள்லாம் அவரைக் குளிப்பாட்டும்போதே போய் இறக்கிட்டேன். நீயும் இறக்கிட்டு உக்காரு."

பெரியவள் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்ததும் அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது. நல்ல முகம்தான்.

மத்தியானத்துக்கு மேல் பக்கத்துத் தெரு நர்சம்மா வந்தார். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு லீவு. அந்தக் காலத்திலிருந்தே மாவு டின்னோடு வந்து, பூட்டைப் பார்த்து, அப்பாவோடு வம்பு பேசிவிட்டுப் போகிறவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசிவரைக்கும் ஒரு ஞாயிறு அரைச்சுத் தரலையே இந்த மனுஷன்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இனிமே நீ திறப்பேல்ல?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளின் மடியில் இருந்த அம்மாவின் கை அசையவில்லை.

"சனிக்கிழமையே டின்னைக் குடுத்து விடுங்கக்கா. திங்கக்கிழமை காலையில நானே அரைச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து தரேன்."

நர்சம்மா பெரியவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்.

அவர் போன பிறகு வெயில் கூடத்துக்குள் வந்து கண்ணாடி மூடிமேல் விழுந்தது. அப்பாவின் இடது காதுமடிப்பில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது. மூடியைத் தூக்கினால் துடைத்துவிடலாம். பெரியவள் எழுந்திருக்கவில்லை.