ரோஸ் நிற ஒட்டு

...இல்லை, கண்ணாடியில் தூசு இல்லை, முந்தானையால் இரண்டு தடவை துடைத்தாயிற்று, அன்னத்தின் கழுத்துதான் ஒடிந்திருக்கிறது. பாக்கியமேரி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடியே, நெய்த பட்டுக்கு அடியில் கண்ணாடித் துண்டை மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். இந்தச் சேலைக்கு நல்ல பக்கம் கீழே இருக்கிறது, நெய்கிறவள் கண்ணுக்குத் தெரிவது முதுகுப் பக்கம், அதனால்தான் இந்தக் கண்ணாடி, காலையும் மாலையும் நீட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், நேற்று ஏன் பார்க்கவில்லை... ஏன் என்றால் சந்தோஷமாக இருந்தாள், அதுதான். சந்தோஷமாக இருக்கிறவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? கரை நெடுக அன்னங்கள் வரிசையாக நிற்கின்றன, போன வாரம் நெய்ததெல்லாம் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒயிலாக, நேற்றிலிருந்து நெய்த ஒவ்வொன்றுக்கும் கழுத்து நடுவில் ஒரு வெட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. இதைப் பிரிக்க வேண்டும். ஜரிகையைப் பிரித்தால் அது பழைய ஜரிகையாகவா இருக்கும், பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன துரைக்கண்ணு முதலாளி விரலால் தடவிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார், அவர் என்ன சொல்லிக் கொடுத்தார், "பொம்பள கையில ஜக்கார்டு பொட்டி குடுக்கறது இந்தத் தெருவுல இதான் மொத தபா மேரி, என் பேரயும் கெடுக்காத, உன் பேரயும் கெடுத்துக்காத." எத்தனை ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள் அன்றைக்கு. இனி அவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

குழியிலிருந்து ஏறினாள், இடுப்பு பிடித்துக்கொண்டது, மே மாத வெக்கையில் ஓடு கொதித்தது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றால் கோத்தபடி பக்கவாட்டில் தொங்குகின்றன, ஒவ்வொரு அட்டையும் குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கான உத்தரவு, எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும், ஓர் அட்டை மாறினால் போதும், அன்னத்துக்குக் கழுத்து போய்விடும். எலியாக இருக்குமோ? முதலாளி வீட்டிலேயே எலி கடித்த அட்டைகளைப் பார்த்திருக்கிறாள். எலிதான், சனியன், பொறி வைக்கச் சொல்லி எத்தனை நாளாகக் கத்துகிறோம்... அட்டைகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள், மையால் எழுதிய எண்கள் வரிசையாக வந்தன, வந்தன, ஓர் இடத்தில் எண்ணே இல்லை. அந்த அட்டை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. புரட்டிக் கோத்திருக்கிறது. அதன் மூலை கிழிந்து, கிழிந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு காகித ஒட்டு, சோற்றுப் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. எலி கடிக்கும், ஒட்டுப் போடுமா? அந்த ரோஸ் காகிதத்தை அவளுக்குத் தெரியும், தினமும் சட்டை துவைக்கும்போது பையிலிருந்து எடுத்துப் போடுகிற காகிதம், டவுன் பஸ் டிக்கெட். சவரிராஜ், ஆரணிக்கும் சேவூருக்குமாக அந்த பஸ்ஸில் கண்டக்டர், அவள் புருஷன்.

ஞாயிற்றுக்கிழமை. வேறு எப்போது? போளூரில் அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம், "நீ நிம்மதியா போய்ட்டு வா மேரி, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன், இன்னிக்கு எனக்கு லீவு," என்றான், அவளும் போனாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனியாகப் போன முதல் பயணம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனாள். அவன் நன்றாகக் குறட்டை விட்டிருப்பான், வேறென்ன செய்திருப்பான், பிள்ளைகள் கண்டக்டர் விளையாட்டு விளையாடியிருக்கும், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்ததுகள், ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்தால் டிக்கெட் ஞாபகம் வராதா, சவர பிளேடால் கயிற்றை அறுத்து, அவன் டிக்கெட்டின் மூலையைக் கிழித்துக் கொடுப்பது போலவே கிழித்து, யார் ஏறினார்கள், யார் இறங்கினார்களோ... அதுகூடப் பொறுக்கலாம், பிள்ளைகள்தானே. ஆனால் அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது வாசல் தெளித்திருந்தது. பிள்ளைகள் தலை வாரிப் பவுடர் போட்டு நின்றன. அடுப்பில் முட்டைக் குழம்பு, அவனே வைத்தது, உப்பு தூக்கல், இருந்தாலும் அவனே வைத்தது. இலையில் சுற்றிய மல்லிகை. ராத்திரி ஜெபத்தில் மூன்று பேரும் அவளைவிட உரக்க அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். அவள் படுத்துக்கொண்டு கண்ணீர் விட்டாளே, மாதாவே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று! மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் வேறு பீற்றிக்கொண்டாள், எங்க வூட்டுக்காரரு மாதிரி வராது என்று, அந்தச் சின்னம்மாளும் பெருமூச்சு விட்டாள். த்தூ. அந்த மல்லிகைக்கும் இந்த ஒட்டுக்கும் ஒரே பசை.

நேற்றுக் காலையில் பெட்டி கொஞ்சம் இறுகலாக இழுத்தது, அப்போதே கேட்டாள், பெரியவள் ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள், இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், இழை அறாமல் ராட்டையில் தார் சுற்றுவாள், அவள்மேல் பாக்கியமேரிக்கு அப்படி ஒரு நம்பிக்கை, சின்னவன் வாலுதான், ஆனால் ரெஜினா என் வலது கை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். "பொட்டிய யாராச்சும் தொட்டீங்களாடி?" "தெரியாதும்மா." ராட்டையை நிறுத்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை, குரல் ஆடவில்லை, தெரியாதும்மா. ஏழு வயசில் இது எப்படி வரும்? யார் சொல்லிக்கொடுத்தது? சொல்லிக்கொடுக்காமல் வருமா, மூன்று பேரும் உட்கார்ந்து பேசி வைத்திருப்பார்கள், அம்மா கேட்டால் நீ இப்படிச் சொல்லு, நீ வாயைத் திறக்காதே... அவளுடைய வீட்டில், அவளுடைய தறிக்குப் பக்கத்தில், அவளுக்கு எதிராக ஒரு கூட்டம் நடந்திருக்கிறது, அவள் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

சின்னவன் பெலவேந்திரன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். அட்டைக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான், சொம்பைத் தொடவில்லை.

"வேந்தா, இங்க வா. இத யாரு ஒட்டனது?"

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சத்தியம் பண்ணிக்கீறேன். மாதா மேல."

"யாருக்குடா சத்தியம் பண்ண?"

"நைனாவுக்கு," என்றான், சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்து உதடு கோணியது, அவள் அடிக்கக் கையைத் தூக்கவில்லை, நெற்றி வியர்வையைத் துடைக்கத்தான் தூக்கினாள், அதற்குள் அவன் இரண்டு கைகளாலும் காதை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டான். பிறகு தண்ணீர் குடிக்காமலே பின்பக்கம் ஓடிப்போனான்.

அப்படி என்ன செய்துவிட்டாள் அவள்? பேயா, பிசாசா? தறிக்காரி வீட்டில் கண்டிப்பு இருக்காதா, எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட்டால் யார்தான் அடிக்கமாட்டார்கள், தறியில் நீட்டிக் கட்டிய பாவில் மோரைக் கொட்டினானே போன தை மாசம், அன்றைக்குக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள், கொஞ்ச நேரம், விளக்கு வைக்கிற வரைக்கும், சரி, அது கொஞ்ச நேரம் இல்லைதான்... அதற்காக மாதா மேலா சத்தியம் வாங்குவான் ஒரு தகப்பன்? கயிற்றை அவிழ்த்து அட்டையை நேராகத் திருப்பிக் கோத்தாள், குழியில் இறங்கிப் பிரிக்கத் தொடங்கினாள், ஒரு ஊடை, அப்புறம் ஜரிகை, அப்புறம் ஒரு ஊடை, அவசரப்பட்டால் பாவு அறும், பட்டு பொறுமை கேட்கும், அவளுக்கு இப்போது யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. முதலாளி பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டும், தெரு சிரிக்கட்டும், வெறும் கட்டம் போட்ட சேலை நெய்து பிழைத்துக்கொள்வாள், ஆனால் இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு ஆள் உண்டா இல்லையா? ஒரே ஒருவர்? அது தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

மதியச் சாப்பாட்டுக்குச் சவரிராஜ் வந்தான், தோளில் தோல்பை, வாசலிலேயே காக்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு. மடியில் சுருண்டு கிடந்த ஜரிகையைப் பார்த்தான். பிறகு அட்டையைப் பார்த்தான், ஒட்டு இப்போது அடிப்பக்கம் போயிருந்தது, எண் மேலே தெரிந்தது.

"அதான் சரி பண்ணிட்டனே மேரி," என்றான், குரலில் அவ்வளவு சமாதானம். "எல்லாத்தயும் நம்பர் பாத்துத்தான் கோத்தேன். ஒட்டனத காய வெக்கறதுக்குத் திருப்பிப் போட்டேன், அப்படியே கோத்துட்டேன் போலக்கீது. ஜல்தில கவனிக்கல."

"நான் போளூர்லேந்து வந்தவுடனே சொல்லியிருக்கலாம் இல்லீங்க?"

அவன் பையை ஆணியில் மாட்டினான், மாட்டிய பையைச் சரிசெய்தான்.

"ஏங்க, கேக்கறேன் இல்ல?"

"சொன்னா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும் மேரி," என்றான் மெதுவாக, கோபமில்லாமல், அடுத்த ஸ்டாப் பெயரைச் சொல்கிற மாதிரி. பின்கட்டுக்குப் போனான். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது, அவனே போட்டுக்கொண்டான், பிள்ளைகளுக்கும் போட்டான், அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, கூப்பிடப் பயமாக இருந்திருக்கும், பயமா, அவனுக்கா, பஸ்ஸில் ஊரையே அதட்டுகிறவனுக்கா...

மிச்சத்தைப் பிரித்தாள். வீடு அடைத்துப்போன மாதிரி இருந்தது, மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு செருமல்கூட இல்லை. கடைசியாக ஒடிந்த அன்னமும் போய், பழைய அன்னத்தின் முழுக் கழுத்து வந்துவிட்டது, விளிம்பு நெளிந்திருந்தது, அதை நேராக்க, ஊடையை நெருக்கும் அச்சுப் பலகையை இழுத்து ஒரு அடி அடித்தாள், டக். இன்னொன்று, டக். இன்னும் கொஞ்சம் நெளிவு இருந்தது, டக், டக். பின்கட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேந்தன். அப்புறம் ரெஜினா ஏதோ சொன்னாள், வேகமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறதா, ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாளே... என்ன சொல்கிறாள் என்று கேட்கப் பலகையை நிறுத்தினாள். பேச்சு நின்றது. வாக்கியம்கூட முடியவில்லை, பாதியில் நின்றது. காத்திருந்தாள். ஒன்றுமில்லை. மெதுவாக ஒரு முறை அடித்தாள், அப்புறம் வழக்கமான வேகத்தில் அடித்தாள், அடித்துக்கொண்டே காதைக் கொடுத்தாள். "உள்ள போ, உள்ள போ, யாரு டிக்கெட்டு?" என்றது சவரிராஜின் குரல், சின்னவன் கெக்கலி கொட்டினான். தறி ஓடினால் அம்மா குழிக்குள் இருக்கிறாள், தறி நின்றால் அம்மா எழுந்து வருகிறாள், இது இன்று நேற்றுப் பழகியதா, ஞாயிற்றுக்கிழமை பழகியதா, அதற்கும் எத்தனை காலம் முன்னால்? தறியில் உட்கார்ந்தபடி வீட்டின் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு பூரித்திருக்கிறாள், நாம் உழைக்கிறோம், பிள்ளைகள் சிரிக்கின்றன என்று. இப்போதே எழுந்து போய் அவர்கள் நடுவில் உட்காரலாம். போனால் அங்கே மூன்று தட்டுகளும் மூன்று குனிந்த தலைகளும்தான் இருக்கும். ஊடையை ஓட்டுகிற நாடா மடியில் கிடந்தது, பாவுக்குள் ஒரு இழை ஊடைகூடப் போகவில்லை, பாக்கியமேரி பலகையை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டேயிருந்தாள்.