பூண்டு போடாத குழம்பு

பட்டியல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. ஷாலினி போனில் சொல்லச் சொல்ல அவள் அப்பா தேசப்பன் எழுதியது. கேழ்வரகுக் களி. மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. புளிச்சகீரைக் கடைசல். பச்சை வேர்க்கடலை போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. கடைசியில் வேர்க்கடலைத் துவையல் என்று எழுதி, தப்போ என்று அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருந்தார்.

கல்யாணமாகி ஷாலினி புனே பக்கம் போய்ப் பதினாறு மாதம். கணவன் டில்லிபாபுவுக்கு அங்கே கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் உண்டானபோது மாமியாரும் துணைக்குப் போயிருந்தாள்.

"அங்கெல்லாம் கேவுரு மாவு கிடைக்காதா?" என்று அவள் அம்மா கௌரியம்மாள் கேட்டாள்.

"கிடைக்குதும்மா. பாக்கெட்டு. கிண்டுனா பசை மாதிரி வருது. உங்க மாப்ள போஸ்டர் ஒட்டலாங்கிறாரு."

"கருவாடு?"

"ஒருநாள் வறுத்தேன். மேல் வீட்டம்மா எலி செத்துக் கெடக்குதுன்னு வீடு வீடா தேடிகினு வந்துச்சு. நானும் கூடப் போயித் தேடினேன்."

தேசப்பன் சிரித்து, இருமி, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார். அவர் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். வெட்டு இல்லாத மாதங்களில் கொத்தனாருக்குக் கையாள். அந்த எலிக் கதையை ஒரு மாதம் எல்லோரிடமும் சொன்னார்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதமே அழைத்து வந்திருக்க வேண்டும். டில்லிபாபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒன்பது பிறந்ததும் கூட்டி வருகிறேன் என்றான். ஆனி மாதம் எட்டாம் தேதி டிக்கெட் எடுத்திருந்தது.

வைகாசி பாதியிலிருந்து ஷாலினி வீடியோவில் வருவதில்லை. டவர் சரியில்லை என்றாள். குரல் மட்டும் வந்தது. ஒரு மதியம் கேட்டாள்.

"என்னைப் பெத்தப்ப நீ இன்னாம்மா சாப்ட்ட?"

கௌரியம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. விவரமாகச் சொன்னாள். முதல் மூன்று நாள் மருந்து உருண்டை. வெறும் வயிற்றில். அப்புறம் சுடுசோறு, மிளகுக் குழம்பு. பூண்டு மட்டும் உள்ளங்கை நிறைய. கத்திரிப் பிஞ்சு. பால்சுறாக் கருவாடு. மாங்காய் கூடாது, புளிச்சகீரை கூடாது, வேர்க்கடலை கூடாது, களி கூடவே கூடாது. நாற்பது நாள் பத்தியம்.



"லைன்ல கீறியா?"

"கீறேம்மா. மொதல்லேர்ந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள்.

எட்டாம் தேதிக்கு மறுநாள் காலை தேசப்பன் அரக்கோணத்துக்குப் போனார். புனே வண்டி அவர்கள் ஊரான திருத்தணியில் நிற்காது. அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் ரயிலில் திரும்பி வர வேண்டும். கௌரியம்மாள் நான்கு மணிக்கே எழுந்திருந்தாள். களியை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டு மற்றதையெல்லாம் முடித்தாள். பக்கத்து வீட்டு மணியம்மை ஆரத்தி கரைத்துத் தட்டில் எடுத்து வந்தாள்.

"உம் பொண்ணு வந்து துன்னப்போறா. தெருவே கம்முனு மணக்குதே, எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்க மாட்டியா?"

"உனக்கு இன்னாத்துக்குடி? உனக்கு இன்னா ஒம்பது மாசமா?"

"இந்த வயசுல அது ஒண்ணுதான் கொறச்சல்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்தது.

தேசப்பன் முதலில் இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார். டில்லிபாபு இறங்கினான். பிறகு ஷாலினி. துப்பட்டாவை முன்பக்கம் விரித்துப் போட்டிருந்தாள்.

கௌரியம்மாள் முதலில் பார்த்தது வயிற்றை. அதற்குப் பிறகுதான் முகத்தை.

மணியம்மை தூக்கிய தட்டு பாதியில் நின்றது. சிவப்புத் தண்ணீர் ஆடி அவள் விரலில் வழிந்தது.

"இன்னாக்கா இது..."

"சுத்து," என்றாள் கௌரியம்மாள்.

"அக்கா..."

"சுத்துடி."

மணியம்மை மூன்று சுற்று சுற்றினாள். பொட்டு வைத்தாள். தண்ணீரை முச்சந்தியில் ஊற்றப் போனவள் சிறிது நேரம் திரும்பி வரவில்லை.

டில்லிபாபு சுவரோரம் நின்றபடியே சொன்னான். இருபத்திரண்டு நாள் ஆகிறது. குழந்தைக்கு அசைவு இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி போட்டு வலி வரவைத்தார்கள். எல்லாப் பிரசவத்தையும் போலத்தான், ஒரு ராத்திரி முழுக்க.

"போன்ல சொல்ல வேணாம்னு இவதாங்க அத்த..."

"அவர ஒண்ணும் சொல்லாதம்மா," என்றாள் ஷாலினி. "நாந்தான். எட்டாம் தேதி வரத்தானே போறோம்னு."

கௌரியம்மாள் சமையலறைக்குப் போனாள். உலையில் மாவைக் கொட்டி, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் களி கிண்டினாள். பதம் வந்த பிறகும் கிண்டினாள். தேசப்பன் வந்து அடுப்பை நிறுத்தினார்.

பிள்ளை ஒரு பகல், ஒரு ராத்திரி வண்டியில் வந்திருக்கிறது. பதினாறு மாதமாகக் கேட்ட சாப்பாடு. அதையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும். கௌரியம்மாளுக்கு அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. தட்டில் களி உருண்டையை வைத்துக் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள். கீரை வைத்தாள். துவையல் வைத்தாள்.

டில்லிபாபு களியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. குனிந்தபடியே சாப்பிட்டான். கௌரியம்மாள் இரண்டாவது உருண்டை வைத்தபோது வேண்டாம் என்று கையை நீட்டினான். வைத்ததும் அதையும் சாப்பிட்டான். காது சிவந்திருந்தது. மாங்காய்க் கொட்டையை வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

ஷாலினி தட்டைத் தொடவில்லை.

"சோறு கீதாம்மா?"

"கீது. ஏன்?"

"கொஞ்சம் சோறு, உப்பு போதும்."

"எல்லாம் நீ கேட்டதுதானே. மாங்கா கூட அந்தப் புளிப்பு மாங்கா. ஒங்கப்பா மணவூர் வரைக்கும் போயி எடுத்தாந்தாரு."

"தெரியும்."

"அப்ப சாப்புடு. வாய்ல வையி."

"சாப்புடக் கூடாதும்மா."

"யாரு சொன்னது?"

"நீதான் சொன்ன. மாங்கா கூடாது, களி கூடாதுன்னு." ஷாலினி தட்டையே பார்த்துப் பேசினாள். "அங்க மூணாம் நாளே புளிசோறு குடுத்தாங்க. எங்க மாமியா கெட்டவங்க இல்லம்மா. கொழந்தையே இல்ல, பத்தியம் யாருக்குன்னு கேட்டாங்க. நானும் துன்னேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு நாள் படுத்திருந்தேன், அப்புறம் எழுந்து துணி தொவச்சேன். காய்ச்சல் வந்து எழுந்தா மாதிரி."

வாசல்படியில் உட்கார்ந்திருந்த மணியம்மை எட்டிப் பார்த்தாள்.

"அவங்க சொன்னது நெசந்தாண்டி கண்ணு. கொழந்தைக்கு ஆவாதுன்னுதான் அதெல்லாம். நீ எல்லாம் துன்னு. வாய்க்கு ருசியா துன்னா மனசு ஆறும்."

"கொழந்தைக்கு மட்டுமா அத்த? பெத்த ஒடம்புக்கும்தான?"

மணியம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் பெத்தேன் அத்த," என்றாள் ஷாலினி. பிறகு அம்மாவைப் பார்த்தாள். "எனக்குப் பத்தியம் போடும்மா. இருபத்திரண்டு நாள் போயிடுச்சு. மிச்சம் பதினெட்டு நாள் போட்டா போதும்."

கௌரியம்மாள் அவள் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தாள். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னியிலேர்ந்து நாப்பது," என்றாள்.

ஜம்புலிங்கத்தின் நாட்டு மருந்துக் கடை மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் சூடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் போகும்வரை கௌரியம்மாள் நின்றாள்.

"பத்திய மருந்து ஒரு செட்டுங்க."

ஜம்புலிங்கம் தாளை விரித்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று டப்பா டப்பாவாகத் திறந்து போட்டார். கையே அளவு பார்த்தது.

"ஒம் பொண்ணுக்கா? எரநூறு வாட்டி சொல்லிகினு இருந்தாரே ஒங்க வூட்டுக்காரரு, எலிக் கத. அந்தப் பொண்ணுதான?"

"ஆங்."

"இன்னா கொழந்த?"

கேட்கக் கூடாத கேள்வி அல்ல. இந்த மருந்து வாங்க வருகிற எல்லோரையும் அவர் கேட்பார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஷாலினி பிறந்து, தேசப்பன் வாங்க வந்தபோதும் இதே இடத்தில் கேட்டவர்தான்.

கௌரியம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவே இல்லை. டில்லிபாபு சொல்லும்போது குழந்தை என்றுதான் சொன்னான். காலையிலிருந்து இவ்வளவு நேரம் ஆகியும் அவள் அதைக் கேட்கவில்லை.

"பொண்ணுங்க," என்றாள்.

"மகாலட்சுமி." ஜம்புலிங்கம் பொட்டலத்தை மடித்தார். மடித்ததைத் திரும்பப் பிரித்து, ஒரு துண்டு வசம்பைப் போட்டார். "சுட்டுக் கொழந்த கையில கட்டு. வயித்து வலி வராது. அதுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம், எடுத்துகினு போ."

வீட்டுக்கு வந்து மருந்தை வறுத்தாள், இடித்தாள், சலித்தாள். பனைவெல்லப் பாகில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறி உருண்டை பிடித்தாள். குழம்புக்குப் பூண்டு உரித்தாள். ஒரு கிண்ணம் நிறைய உரித்துவிட்டாள். எண்ணெய் காய்ந்தது. கிண்ணத்தை எடுத்தவள் நின்றாள்.

பூண்டு பால் சுரப்பதற்கு.

கிண்ணத்தைத் தட்டால் மூடிக் கீழே நகர்த்தினாள். மிளகை மட்டும் அரைத்துக் கரைத்து ஊற்றினாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஷாலினி வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். தேசப்பனும் டில்லிபாபுவும் வெளியே எங்கோ போயிருந்தார்கள். ஷாலினி உருண்டையை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். முழுதும் மென்று விழுங்கினாள். பிரித்துப் போட்டிருந்த மருந்துத் தாளில் வசம்பு மட்டும் மிச்சமிருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இத இடிக்கலியா?"

"அது மருந்துக்கு இல்ல. கடக்காரரு போட்டாரு."

ஷாலினி அதைக் கையில் வைத்துப் புரட்டினாள்.

"இன்னா கொழந்தன்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"பொண்ணுன்னு சொன்னேன்."

ஷாலினி தலையை ஆட்டினாள்.

"பொண்ணுதான். முடி நெறைய இருந்துது. ஒன்ன மாதிரி சுருட்ட."

வசம்பைக் கீழே வைக்கவில்லை. இடது கையில் மூடிக்கொண்டாள்.

கௌரியம்மாள் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஷாலினி பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாயில் நிறுத்தினாள். குழம்பை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"பூண்டு போடலியாம்மா?"

"இல்ல."

"உள்ளங்கை நெறையன்னு சொன்னியே."

கௌரியம்மாள் மகளின் மார்பைப் பார்த்தாள். உடனே அடுப்பைப் பார்த்தாள். ஷாலினி புரிந்துகொண்டாள்.

"ஒரு வாரம் வந்துதும்மா. துணியில இறுக்கிக் கட்டிகினேன். அப்புறம் நின்னுபோச்சு."

தெருவில் ஒரு வண்டி போயிற்று.

"நாளைக்குப் போடு," என்றாள் ஷாலினி.

"இரு."

கௌரியம்மாள் கிண்ணத்தை எடுத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். நல்லெண்ணெய் ஊற்றி, உரித்து வைத்திருந்த பூண்டு முழுவதையும் கொட்டினாள். அது வேக நேரமாகும். ஷாலினி பிசைந்த கையைத் தட்டின் மேல் வைத்தபடி காத்திருந்தாள்.