தெற்குப் பக்கத்துத் தென்னம்பிள்ளை

உண்ணி வீட்டுத் தெற்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஓங்கி இரண்டு கொத்துதான் கொத்தியிருப்பான். அதற்குள் பக்கத்து வீட்டு ஞானசிகாமணி வேலி தாண்டி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எலே, மேல பாரு. டவர் லைனாக்கும். இதுக்கு அடியில சிதை வச்சியானா, புகை ஏறி கரண்டு கீழ பாயும். அப்பனோட இன்னும் நாலு பேர எடுக்கணும்."

முப்பது வருஷம் லைன்மேனாக இருந்த மனுஷன். சொன்னால் சொன்னதுதான். உண்ணி அக்காவைப் பார்த்தான். ஷீனா தரையைப் பார்த்தாள்.

உள்ளே அப்பா செல்லசாமி வெள்ளைத்துணிக்குள் கிடந்தார். காலையில் பல் விளக்கப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். "என்னெ தெக்குப் பக்கம் வைக்கணும் மக்கா, ஒங்க அம்மைக்க பக்கத்துல" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சுட்ட இடத்தில் சாம்பலைப் போட்டு ஒரு தென்னம்பிள்ளை வைப்பது அந்த வீட்டு வழக்கம். அவருடைய அப்பா ஒரு தென்னை, தம்பி ஒரு தென்னை, மனைவி விஜயம்மா ஒரு தென்னை. விஜயம்மா முதல் குலை தள்ளியபோது மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த மூன்றும் இப்போது இல்லை. நாலு வருஷத்துக்கு முன் லைன் வந்தபோது ஆபீசுக்காரர்கள் தந்த வரைபடத்தை ஷீனாதான் படித்துச் சொன்னாள். "வடக்க ரப்பர் மேலதான் போவுது, பயப்படாண்டாம்பா." செல்லசாமி கையெழுத்துப் போட்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா? மேலே இருப்பது வடக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி கீழே பார்த்துக் கிடந்தது.

மரம் முறித்த அன்று அவர் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கும். பாவி மனுஷன், கேட்கவே இல்லை.

"அப்போ எங்க கொண்டுபோறது மாமா?" என்றான் உண்ணி.

"டவுன்ல கரண்டு சுடுகாடு உண்டுல்லா. ஒரு மணிக்கூரில தீரும்."

கரண்டு! ஷீனாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஷாலை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

ஐந்தாம் நாள் சாம்பலைப் பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கரைக்க உண்ணி கலயத்தை எடுத்தான். ஷீனா அதில் இரண்டு கை அள்ளிக்கொண்டு தெற்குப் பக்கம் போனாள். அம்மா மரத்தின் அடிக்கட்டையிலிருந்து எட்டடி அளந்து குழி தோண்டினாள். நாட்டுத் தென்னம்பிள்ளையைத் தூக்கி வைத்தாள்.

ஞானசிகாமணி வேலியோரம் வந்து நின்றார். "மக்கா, இது பொங்கி கம்பி வரைக்கும் வந்தா லைன்காரனுவ வந்து முறிப்பானுவ."

"அறியும் மாமா."

சாம்பலைத் தூவி மண்ணை இழுத்து மூடினாள். மேலே கம்பி இரைந்தது. குனிந்து, குருத்தின் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"அப்பா, கம்பி இதுக்கு மேலதான் போவுது."

பிறகு எழுந்து கிணற்றடிக்கு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.