அங்கே நாலு, இங்கே ஏழே கால்

உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காமலேயே பொரித்த கோழியை டப்பாவில் அடைத்தாள் தேவ்கலா. காலை பத்து மணியிலிருந்து அவள் நாக்கில் உப்பு படக் கூடாது. பதிமூன்று நாளைக்கு.

"அம்மா, வா! லேட்டாச்சு!" என்று வாசலில் குதித்தாள் ஸ்மரிகா. ஒன்பது வயது. இருபது நாளாக நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தவள்.

காலையிலேயே அவள் கணவன் தில்லிராம் நீலத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு, வாணவேடிக்கை பார்க்க ஆற்றங்கரையில் இடம்பிடிக்கப் போய்விட்டான். ஜப்பானில் தார்ப்பாயை விரித்துப் பெயரை எழுதிவிட்டு வந்தால் போதும், ஒருவரும் தொட மாட்டார்கள். அவன்தான் நம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பத்து மணிக்கு அது மூன்று முறை அடித்து ஓய்ந்தபின் தேவ்கலாவுடையது அடித்தது. நேபாளத்திலிருந்து கொழுந்தன் மோதிராம்.

"அண்ணி, அம்மா போயிட்டாங்க."

"எப்ப?"

"விடியக்காலைல. டீயைக் குடுத்துட்டுத் திரும்பறேன், தலை சாஞ்சிருச்சு. அண்ணனுக்குப் போன் போட்டா எடுக்கவே இல்ல."

"வெளிய போயிருக்காங்க. நான் சொல்லிக்கறேன்."

"அவரு வந்து சேர ரெண்டு நாளாவும் அண்ணி. அதுவரைக்கும் தாங்காது. நாலு மணிக்கு ஆத்தங்கரையில வெச்சிடறோம். நானே கொள்ளி போடறேன்னு சொல்லிடுங்க."

அங்கே நாலு என்றால் இங்கே ஏழே கால். முதல் வாணம் ஏழே காலுக்கு என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்.

மாமியாரை அவளுக்குப் பிடித்ததே இல்லை. வாயைத் திறந்தால் தேள் கொட்டும் மனுஷி. அப்படியும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்தபின் கணவனின் போனை எடுத்து, வந்த அழைப்புகளை அழித்து, நெட்டை அணைத்து, மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

துணிச்சலா, கொழுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. சாவு காதில் விழுந்த நொடியிலிருந்து துக்கம் காக்க வேண்டும். மொட்டை, வெள்ளைத் துணி, ஒரு வேளை உப்பில்லாச் சோறு, தனி மூலை. பெற்ற மகளைக்கூடத் தொடக் கூடாது. நான்கு வருடமாக இந்த ஊரில் வாணம் விடும் நாளிலெல்லாம் அவன் இந்திய உணவகத்தின் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். இந்த வருடம்தான் முதலாளி மனமிரங்கி லீவு கொடுத்தார். கடைசி வாணம் முடியட்டும், வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிவிடலாம். ஒரு சாயங்காலம்தானே? பாவம் வந்தால் தன்னோடு போகட்டும். செய்யலாமா கூடாதா என்று கேட்பதற்கு இந்த ஊரில் இன்னொரு நேபாளி வீடு கிடையாது.

ஸ்மரிகாவுக்குத் தோழியிடம் இரவல் வாங்கிய பருத்திக் கிமோனோ. ரயில் நிலையத்தைத் தாண்டும்போது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ, நில்லுங்க! கொஞ்சம் நில்லுங்க!"

பிள்ளையைச் சுவரோரம் இழுத்து, இடுப்புப் பட்டையை அவிழ்த்து, இரண்டு மடிப்பையும் மாற்றிப் போட்டாள். "இடது பக்கம் மேல வரணும்மா. வலது பக்கம் மேல வந்தா…" குரலைத் தாழ்த்தினாள். "செத்தவங்களுக்குத்தான் அப்படி உடுத்துவோம்."

"தெரியாம கட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அதனால என்ன, வெளிநாட்டுக்காரங்க. சந்தோஷமா போய்ப் பாருங்க."

அவள் போனதும் ஸ்மரிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, இவ்வளவு தூரம் நான் பொணமாவா நடந்து வந்தேன்?"

"வாயை மூடுடி!"

போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்மரிகாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"மகாராணிங்க இப்பதான் வந்தீங்களா? காலைலேர்ந்து காஞ்சு கருவாடா கெடக்கறேன் நானு," என்றான் ஆற்றங்கரையில் தார்ப்பாய்மேல் உட்கார்ந்திருந்த தில்லிராம். மகளை அள்ளி மடியில் உட்காரவைத்துக்கொண்டான். தன் சின்னப் பையைத் திறந்து ஸ்மரிகா எதையோ எடுத்தாள்.

"அப்பா, உன் போனை மறந்துட்டுப் போயிட்டே. இழுப்பறைல இருந்துச்சு, நான் எடுத்தாந்தேன்."

"எம் பொண்ணுன்னா பொண்ணு!" பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தேவ்கலா அவசரமாக டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிடல?"

"சமைக்கும்போதே வயிறு நெறஞ்சிடுச்சு."

"உப்பு தூக்கல். ஆனாலும் நல்லாத்தான் இருக்கு." அவன் ரசித்து ரசித்து எலும்பைக் கடித்தான். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஜனம், எல்லோர் கையிலும் விசிறி. அத்தனை பேருக்கு நடுவில் அவள் மட்டும் ஒரு சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏழே காலுக்கு முதல் வாணம் ஏறி வெடித்தது. கரை முழுக்க ஒரே "ஓ!". ஸ்மரிகா மடியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினாள்.

"அடேங்கப்பா! அம்மாவுக்குக் காட்டணுமே இதை," என்று தில்லிராம் போனை எடுத்தான். "அப்படி என்னதான்டா இருக்கு உன் ஜப்பான்லன்னு எப்பப் பாத்தாலும் கேக்குது கெழவி."

"இப்ப வேணாங்க. கூட்டத்துல சிக்னல் கெடைக்காது."

"ஸ்மரிகா, யாருடி நெட்டை அணைச்சது? நீயா?"

அணைந்திருந்ததைப் போட்டான். செய்திகள் வந்து விழுந்து போன் நடுங்கியது. "இதெல்லாம் அப்புறம்," என்று தள்ளிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டான். கேமராவை வானத்துக்குக் காட்டிக் கையை உயர்த்தினான்.

அவள் அவன் சட்டையைப் பற்றினாள். "ஏங்க, முதல்ல அதை அணைங்க. ஒரு விஷயம்…"

"என்ன? கேக்கல!"

வெடிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"டேய் மோதி! அம்மாவைக் கூப்பிடு, வானத்தைப் பாக்கச் சொல்லு!"

திரையில் மோதிராம் வெள்ளைத் துணியோடும் மழித்த தலையோடும் நின்றான். "அண்ணா… இப்பத்தான் கொள்ளி வெச்சேன். நல்லா பாத்துக்கண்ணா." படம் திரும்பியது. விறகு, மஞ்சள் துணி, சாமந்தி மாலை, கீழிருந்து ஏறும் நெருப்பு.

"யாருடா அது?"

ஆற்றுச் சத்தத்துக்கு நடுவில் மோதிராம் கேட்டான்.

"அண்ணி சொல்லலையா?"

தில்லிராம் அவளைப் பார்த்தான்.

"நாலு வருஷமா நீங்க… ஒரு நாள்தானேன்னு…" என்றாள் தேவ்கலா. அவன் வாயில் பாதி மென்ற கோழி இருந்தது. குனிந்து, இன்னொரு கையில் துப்பினான்.

"அப்பா, கையை ஆட்டாதப்பா. பாட்டிக்குச் சரியாத் தெரியாது," என்றாள் ஸ்மரிகா, வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மோதி."

"சொல்லுண்ணா."

"போனைத் திருப்பி, ஸ்கிரீனை அம்மா பக்கம் பிடி."

"அண்ணா?"

"பிடிடா."

திரையிலிருந்து நெருப்பு போய்விட்டது. கரையில் நின்றவர்களின் கால்களும் கொஞ்சம் தண்ணீரும் கோணலாகத் தெரிந்தன. தில்லிராம் கையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தான். வாணவேடிக்கை முடிய இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.