துரையின் இடுக்கியும் இராசையாவின் உத்தியோகமும்

இதனால் ஊவா மாகாணத்துச் சகல சனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தெமோதரைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் இடுக்கி வழுக்குகிறது.

மேசையோரத்தில் முறுக்கி மாட்டும் சின்ன இரும்பு இடுக்கி அது. அதில் தூண்டில் முள்ளைக் கவ்வவைத்து, சேவல் இறகை நூலால் சுற்றிக் கட்டி, ஈ மாதிரி ஒன்றைச் செய்து மீனை ஏமாற்றுவது துரையின் ஞாயிற்றுக்கிழமை. நூலை இழுக்கும்போது முள் நழுவித் துரையின் கட்டைவிரலில் ஏறும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பவர்கள் பாடு திண்டாட்டம்.

"வழுக்காத இடுக்கி கொண்டு வா, இராசையா. பெரிய கணக்கப்பிள்ளை வேலை உனக்குத்தான்."

சின்னக் கணக்கப்பிள்ளை இராசையா அன்றே கோட்டுக்கு அளவு கொடுத்தான். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் கும்பிட்டால் எவ்வளவு தலையசைப்பது என்றும் பழகிக்கொண்டான்.

இடுக்கி வாங்கப் பதுளைக்குத் துணைக்கு வந்தவன் வீரசிங்கம், அவனுக்கு இளைய கணக்கப்பிள்ளை. "பெரிய ஆளானா எங்கள மறந்துறாதீங்கண்ணே," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

இரும்புக்கடை ஜுனைதீன் முதலாளி மூன்று இடுக்கிகளை எடுத்துப் போட்டார்.

"எது மொதலாளி நல்லது?"

"மூணும் நல்லது. எது போகுதோ அது ரொம்ப நல்லது."

இராசையா ஒவ்வொன்றிலும் முள்ளை மாட்டி விரலால் அழுத்திப் பார்த்தான். ஒன்றில் முள் சுழன்றது. பளபளத்த இன்னொன்றின் வாய் சேரவேயில்லை. கறுத்துக் கிடந்த மூன்றாவதில் முள் வில்லாய் வளைந்ததே தவிர நகரவில்லை. அதை எடுத்தான்.

வீட்டில், இறகு கட்டியும் சோதிக்கச் சேவலைப் பிடித்தான். அவன் உத்தியோக உயர்வுக்காக, தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனிக்கு மனைவி வேலாயி நேர்ந்துவிட்ட சேவல் அது.

"ஏங்க, கழுத்த மொட்டையடிச்சிட்டீங்களே! கொறையுள்ள சேவல முனிக்கு எப்படி வெட்டுறது?"

"முனி ஏத்துக்காட்டி போகட்டும்டி. துரை ஏத்துக்கிட்டாப் போதும்."

பங்களாவில் புது இடுக்கியில் முள்ளை மாட்டித் துரை நூலை இழுத்தார், முள் அசையவில்லை. "சபாஷ்!" என்றார். மறுநாள் பெரட்டில், புதுக் கோட்டோடு முன்வரிசையில் நின்ற இராசையாவின் தலைக்கு மேலாகப் பார்த்து, "பெரிய கணக்கப்பிள்ளை, வீரசிங்கம்," என்றார்.

"துரை, எனக்குன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். உன் கை நல்ல கை. ஆபீஸ்ல வீணாப் போகக் கூடாது. ஞாயிறு பங்களாவுக்கு வா. இறகு கட்டு."

இராசையா வீரசிங்கத்தை மடக்கினான். "உனக்குத் தெரியுமாடா?"

"போன மாசமே சொல்லிட்டாருண்ணே. நீங்க ஆசையா கடைக்குப் போறப்ப அத ஏன் கெடுக்கணும்னுதான்..."

"என்னோட வண்டியில வந்து, என் காசுல தேத்தண்ணி குடிச்சியேடா!"

"நல்ல தேத்தண்ணிண்ணே."

அன்று மாலை இராசையா லயத்து வாசலில் நின்று, ஊர் கேட்கச் சபதம் செய்தான். இந்தத் தோட்டத்தில் இனிப் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை; பங்களாப் படியை இந்தக் கால் மிதிப்பதில்லை; மிதித்தால் அந்தக் காலைத் தானே வெட்டிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனான்.