மாஸ்டரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்குப் பிரச்சினை வலது காலில். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தவறினால் அவர் மிதிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்த கால், இப்போது வேலை முடிந்த பிறகும் மிதிக்கிறது. டிவியில் கார் ஓடினால் சோபாவிலிருந்தபடி தரையை மிதிக்கும். தூக்கத்தில் மிதித்து மிதித்துப் போர்வையின் கால்மாட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"ஏங்க, கனவுலயாவது யாரையாவது ஒழுங்கா ஓட்ட விடுங்களேன்," என்பாள் மனைவி.

டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "காலுக்கு ஒண்ணுமில்ல. டென்ஷனைக் குறைங்க," என்றார். எப்படி என்று எழுதித் தரவில்லை. அதென்ன உப்பா, சாப்பாட்டில் குறைத்துக்கொள்ள?

வீட்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்று வாரத்துக்கு முன் சிஸ்டரின் டிரைவிங் பரீட்சைக்கே அது வந்துவிட்டது.

சிஸ்டர் என்றால் நர்ஸ், மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர், நாற்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பரீட்சையன்று அதிகாரி பின்சீட்டில் இருப்பார், மாஸ்டர் வழக்கமான இடத்தில். மாஸ்டரின் பிரேக் அழுந்தினால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் ஓட்டுகிறவர் ஃபெயில், கேள்விமுறையே கிடையாது.

ரவுண்டானாவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. விளக்கு எரிந்தது.

"நான் நிறுத்தியிருப்பேன் மாஸ்டர்," என்றார் சிஸ்டர், அழாத குறையாக.

"நிறுத்தியிருக்க மாட்டீங்க சிஸ்டர்."

பச்சைப் பொய். சிஸ்டரின் கால் ஏற்கெனவே பிரேக்கில் இருந்ததை மாஸ்டர் கண்ணால் பார்த்திருந்தார். பார்த்த பிறகும் மிதித்தார். மிதித்தது நானில்லை, என் கால் என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? அந்தப் பொய்யோடு மூன்று வாரமாகக் கண்ணாடியில் முகம் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இன்று மறுபரீட்சை. ஒன்றாம் தேதிக்கு நாலே நாள். அதிகாரி வரக் கால் மணி நேரம் இருக்கும்போது, நின்ற காரில் மாஸ்டர் போட்டு உடைத்தார்.

"சிஸ்டர், போன தடவை நீங்க சரியாத்தான் நிறுத்துனீங்க. அவசரப்பட்டு மிதிச்சது நான். என் கால் தானா மிதிச்சுடுது. இப்பக்கூட வேற மாஸ்டரை வரச் சொல்லலாம்."

சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு ஓட்டவே வராதுன்னு மூணு வாரமா அழுதுட்டிருக்கேன், தெரியுமா?"

வியர்த்து வழிந்த மாஸ்டரின் முகத்தைப் பார்த்த சிஸ்டர், திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணினார்.

"நூத்திப் பன்னெண்டு. பரீட்சை எனக்கா, உங்களுக்கா?"

"அதான் சொல்றேன், வேற ஆளு..."

"வேற ஆளுக்கு நான் ஓட்டற விதம் தெரியாது. மிதிக்கப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"விளக்கு எரிஞ்சப்புறம்தான் தெரியும்."

"அப்ப ஷூவைக் கழட்டுங்க. சாக்ஸையும். ஊசிக்குப் பயப்படறவங்களைக் கால் தரையில எங்க படுதுன்னு கவனிக்கச் சொல்லுவேன். பாதி பயம் அங்கயே இறங்கிடும். மூச்சையும் விடுங்க, எவ்வளவு நேரம் பிடிச்சு வெச்சிருப்பீங்க?"

அதிகாரி ஏறினார். கார் கிளம்பியது. ரப்பர் விரிப்பின் சொரசொரப்பு உள்ளங்காலில் குத்திக்கொண்டே இருந்தது. அதே ரவுண்டானா. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சட்டென்று சாலையில் இறங்கினாள். மாஸ்டரின் கால் பறந்தது.

பிரேக்கின் இரும்பு ஜில்லென்று பட்டது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக, மிதிப்பதற்கு முன்பே அவருக்குத் தன் கால் இருக்கும் இடம் தெரிந்தது. மூச்சை விட்டார். சிஸ்டரின் காலைப் பார்த்தார். அது பிரேக்கில்தான் இருந்தது. தன் காலை விரிப்புக்கு இழுத்துக்கொண்டார். கார் தானாக, அதாவது சிஸ்டரால், நின்றது. விளக்கு எரியவில்லை.

அதிகாரி பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இறங்கும்போது கீழே பார்த்தார். "ஷூ எங்க?"

"கடிக்குது சார்."

"உங்களை நானே வீட்ல விடறேன்," என்றார் சிஸ்டர்.

கார் சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். முன்சீட்டில் மாஸ்டர் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தார். அவளுக்குப் பகீரென்றது.

"ஐயோ, என்னாச்சு இவருக்கு?"

சிஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். "தூங்கறார். முதல் சிக்னல்லயே தூங்கிட்டார்."

மனைவி ஜன்னல் வழியாகக் குனிந்து அந்த வலது காலையே பார்த்தாள். அது அசையாமல் விரிப்பில் கிடந்தது.

"வண்டி ஓடும்போதா?" என்றாள்.