தாத்தார் கச்சேரி

என் பெயரை ஓர் ஆண் தெருவில் நின்று உரத்துக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. 1959ஆம் ஆண்டு ஜூலை மாதம் இருபத்தெட்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். தபால்காரர் எங்கள் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "சுல்பிகா உம்மா! மொஸ்கோவில இருந்து காயிதம்!" என்று கூவினார். அவர்மேல் குற்றமில்லை. உறையின்மேல் தட்டச்சில் அப்படித்தான் இருந்தது: திருமதி சுல்பிகா உம்மா, கல்முனை, இலங்கை. எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை இறக்காமலே திரும்பிப் பார்த்தார்கள். வேறு வீடென்றால் யாராவது பிள்ளையை அனுப்பி வாங்கியிருப்பார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோய், என் கையாலேயே வாங்கினேன்.

அதற்கு முந்தி நான் மொஸ்கோ வானொலிக்கு எழுதிய பதின்மூன்று கடிதங்களும் என் கணவர் ஷரிபுதீனின் பெயரில்தான் போயின. றேடியோ அவர் வாங்கியது. ஏரியல் கம்பியைத் தென்னையில் ஏறிக் கட்டியதும் அவர்தான். ஆனால் மாலையில் அதன் முன் கொப்பியோடு இருப்பது நான். எந்த அலைவரிசையில் கேட்டது, எத்தனை மணிக்கு, குரல் தெளிவா, இரைச்சல் எவ்வளவு, குறுக்கே வேறு நிலையம் வந்து இடையூறு செய்ததா என்று பத்தி பிரித்துக் குறித்து அனுப்பினால், மொஸ்கோ வானொலியார் நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்புவார்கள். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். அங்கே படித்ததில் என்னிடம் மிச்சம் இருந்தது கையெழுத்தும், கடிதம் எழுதும் முறையும். பதினான்காம் கடிதம் எழுதும்போது இவர் அறுவடைக்காக மாவடிப்பள்ளி வட்டையில் மூன்று கிழமையாகத் தங்கியிருந்தார். வயலில் கிடந்தவர் மொஸ்கோவைக் கேட்டதாக எழுதினால் அறிக்கை பொய்யாகிவிடும். ஆகவே கேட்டவள் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். பகல் முழுதும் வேலை செய்யும் பெண்களுக்கும் ஏற்றதாக, அந்திக்கு முன் ஒரு சங்கீதம் போட்டால் நல்லது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அதற்குத்தான் பதில் வந்திருந்தது. "தாங்கள் கேட்டுக்கொண்டபடி, ஆகஸ்ட் எட்டாந் திகதி சனிக்கிழமை, இலங்கை நேரம் மாலை ஐந்தே கால் முதல் ஆறு மணி வரை, கசான் நகரிலிருந்து ரஷ்ய, தாத்தார் சங்கீதக் கச்சேரி ஒலிபரப்பாகும். எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழு வாசிக்கும்."

எங்கள் ஊரில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். எனக்குக் கீழே நாலு பேர்; எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதற்கும் நான் சுல்பிகாத் தாத்தா. தகப்பனை மரியாதையாகத் தகப்பனார் என்று எழுதுவதுபோல, தாத்தாவைத் தாத்தார் என்று எழுதியிருக்கிறார்கள் என எடுத்துக்கொண்டேன். பெண்களுக்காகக் கேட்டேன், தாத்தாமாருக்கென்றே ஒரு கச்சேரி வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. கிணற்றடியில் நாலு பேரிடம் சொன்னேன். மறுநாள் அது நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தது.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்க, வியாழக்கிழமை செசிலி வந்தாள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்; இப்போது மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடிதத்தை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, இது உங்கட தாத்தா இல்லகா. தாத்தார் எண்டு ஒரு சாதிச் சனம். ரஷ்யாவுக்குள்ள, வொல்கா ஆத்தங்கரையில இருக்கிறாங்க. பாதிப் பேருக்கு மேல உங்கட ஆக்கள்தான், முஸ்லிம்கள்."

"மெய்யா?"

"எங்கட பள்ளிக்கூட அட்லஸில கசான் இருக்கு. வேணுமெண்டா வந்து பார்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு படுத்தபின் யோசித்துப் பார்த்தேன். எங்கோ பனி விழும் ஊரில் ஒரு முஸ்லிம் சனம். அவர்களுக்கு எழுபது வாத்தியம். அதை நாங்கள் கேட்கக்கூடாது என்று எதில் எழுதியிருக்கிறது?

எழுதாத சட்டத்தோடு மறுநாள் வெள்ளிக்கிழமை பளீல் மரைக்கார் வந்தார். ஜும்ஆ முடிந்த கையோடு, தொப்பியைக் கழற்றாமல். அவர் என் உம்மாவின் தம்பி, எனக்கு மாமா. எங்கள் குடிக்குப் பள்ளிவாசலில் மரைக்காரும் அவர்தான். குடி என்பது எங்களுக்கு உம்மா வழியாக வருவது. கலியாணமோ மையித்தோ, மரைக்கார் தலையசைக்காமல் குடியில் எதுவும் நடக்காது. கதிரையில் இருந்தார். வட்டையில் இருந்து திரும்பியிருந்த என் கணவர் தூணோடு தூணாக நின்றார்.

"என்ன புள்ள சுல்பிகா, ரசியாக்காரன் நம்மட ஊர்த் தாத்தாமாரப் பாட வெக்கப் போறானாம், நீ ஆள் சேக்கிறாயாம். மெய்யா?"

"பாட இல்ல மாமா. கேக்க."

"ரெண்டும் ஒண்டுதான்."

"ரெண்டும் ஒண்டு எண்டா, பள்ளியில பயான் கேக்கிற ஆக்கள் எல்லாரும் மௌலவிதானே மாமா."

இவருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமல் வந்தது. மாமா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், இருமல் நின்றது. தாத்தார் என்றால் யார் என்பதை நான் விளக்கினேன்.

"முஸ்லிம் ஆக்கள் எழுபது பேர் கூடியிருந்து பிடில் வாசிக்கிறயா? ஆரு சொன்ன?"

"செசிலி."

"வேதக்காரப் புள்ளையிட்டயா நாம இஸ்லாம் படிக்கிற?"

"கலியாணத்துக்கு றபான் அடிக்கிற ஆக்கள் ஆரு மாமா? நம்மட ஆக்கள்தானே. இது ஆறு மணிக்கு முடிஞ்சிரும். மறுகா பாங்குக்கு இருபது நிமிசம் இரிக்கி."

"பேனையை எடு," என்றார்.

அவர் அப்படிச் சொல்வது புதிதல்ல. வாய்க்கால் தண்ணீருக்காக அவர் அரசாங்க அதிபருக்கு அனுப்பிய மூன்று மனுவும் என் கையெழுத்துத்தான். அவர் சொல்ல நான் எழுதிப் பழகியிருந்தேன். கடதாசியை எடுத்து, வலப்பக்கம் கல்முனை என்றும் திகதியும் போட்டு, இடப்பக்கம் கடித இலக்கம் 15 என்றும், கீழே ஐயா என்றும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"இந்த வீட்டில," என்று அவர் தொடங்கினார்.

இந்த வீட்டில் என்று எழுதினேன்.

"சுல்பிகா எண்டு ஒருத்தி இல்ல. இனிக் காயிதம் போட வேணாம்."

பேனையை மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தேன்.

"அத எழுத ஏலா மாமா."

"ஏன் ஏலா?"

"நான் இரிக்கன்."

"ஷரிபுதீன், நீ எழுது."

"எனக்கு எழுத வராதே மாமா," என்றார் இவர். பதின்மூன்று கடிதம் இவர் பெயரில் மொஸ்கோவுக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது இவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாமா எழும்பினார். "நாளைக்கு அந்தப் பெட்டி பாடினா, வாற ஜும்ஆவுக்குப் பின்ன பள்ளியில வெச்சு உன்னைக் குடியில இருந்து தள்ளிச் சொல்லுவன். உன்ட வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

"இது என்ட சீதன வீடு மாமா. உம்மா எனக்கு எழுதின வளவு. காணி உறுதியில சாட்சிக் கையொப்பம் நீங்கதான் வெச்ச. இதுக்குள்ள ஆரு இரிக்கிற, ஆரு வாற எண்டு நான்தான் சொல்லணும்."

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். அவர் போனபின் குசினிக்குள் போய், முட்டிப் பானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குடியில் இருந்து தள்ளினால் நாளைக்கு என் மகளுக்குக் கலியாணம் பேச யார் வருவார்? நான் செத்தால் சந்தூக்குத் தூக்க யார் வருவார்? இவர் வந்து வாசலில் நின்று, "பற்றரி இறங்கிப் போயிரிக்கி. புதுசு வாங்கி வரட்டா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சனிக்கிழமை நாலரைக்கே மாமா எதிர்க் கடையின் முன்னால் கதிரை போட்டு, இருபுறமும் இரண்டு பேரோடு, எங்கள் படலையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளத்தான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் பெண்கள் தெருவால் போவதில்லை. வளவுக்கு வளவு பின்வேலியில் கடப்பு இருக்கிறது. ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அரிசி இரவல் கேட்பதுபோலச் சுளகோடு வந்தாள். ஒருத்தி கோழியைத் தேடி வந்ததாகச் சொன்னாள். கோழி அவள் கக்கத்திலேயே இருந்தது. ஐந்து மணிக்கு, செசிலியோடும் என்னோடும் சேர்த்துப் பத்துப் பேர்.

ஐந்து ஐந்துக்குப் படலை கிறீச்சிட்டது. பின்னால் அல்ல, முன்னால். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். சல்மா உம்மா, என் பெரியம்மா, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவால் வந்து நின்றிருந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எங்க போறீங்க தாத்தா?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன சொல் வந்தது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பெரியம்மா அவரைவிட ஏழு வயது மூத்தவர், கூடப்பிறந்த தாத்தா. அவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

"தாத்தாமார்ர கச்சேரிக்கு," என்றார் பெரியம்மா, தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கிற மாதிரி. "நீ தாத்தாவாப் பொறக்கல்லயே மனே. வெளியால இரி."

கடைக்குள் யாரோ சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். பெரியம்மா உள்ளே வந்து குடையை மடக்கி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கச்சேரி எண்டா ஏஜண்டுத் துரையும் வருவாராகா? எனக்குக் காணி விசயம் ஒண்டு கதைக்க இரிக்கி," என்றார். அரசாங்க அதிபரின் கந்தோருக்கும் எங்கள் பக்கம் கச்சேரி என்றுதான் பெயர். தாத்தார் என்றால் வேறு சனம் என்பதை எல்லாருக்கும் சொன்னேன். ஏமாற்றிக் கேட்க வைக்க எனக்கு மனமில்லை. போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றும் சொன்னேன்.

"அந்தச் சனத்துக்குள்ளயும் மூத்த பொம்புளப் புள்ள பொறக்கும்தானே?" என்றார் பெரியம்மா. "பெட்டியத் திருகு."

ஐந்தே காலுக்குக் கச்சேரி வரவில்லை. உழவு இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கொப்பியில் குறிப்பதுமாக இருந்தேன். ஐந்து முப்பத்தேழுக்குத்தான் வாத்தியங்கள் எழும்பின. முதலில் ரஷ்ய சங்கீதம். ஒரு வாத்தியம் தனியே தொடங்க, பின்னால் பத்து, பின்னால் எல்லாமாக. அணைக்கட்டில் கதவைத் திறந்தால் தண்ணீர் முதலில் ஓர் ஓரத்தால் கசிந்து பிறகு ஒரே அடியாக வருமே, அப்படி. ஒருத்தியின் கக்கத்துக் கோழி பயந்து கத்த, அவள் அதன் வாயைப் பொத்தினாள். "எழுபது பேர் வாசிக்காங்க, ஒருத்தனும் மற்றவன்ட மேல மோதல்ல பாருங்களன்," என்றாள் இன்னொருத்தி.

ஆறு மணிக்கு அறிவிப்பாளர் தாத்தார் என்ற சொல்லைச் சொன்னார். எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள். இது வேறு மாதிரி வந்தது. பெருவெள்ளம் இல்லை. ஒரே ஒரு குழல் நீட்டி, வளைத்து, முடிக்காமல் விட்டு, திரும்ப அதே இடத்தில் பிடித்து வாசித்தது. எங்கள் வட்டையில் காவலிருப்பவர்கள் பரணிலிருந்து கவி படிக்கும்போது கடைசி எழுத்தை இழுத்து விடுவார்கள். மறுபரணில் இருப்பவன் அதை வாங்கிப் படிப்பான். குழல் விட்டதை வாத்தியங்கள் எல்லாம் அப்படித்தான் வாங்கின. பெரியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு சனத்துக்கு எங்கள் இழுவை எப்படித் தெரிந்தது என்று நான் கொப்பியில் எழுதவில்லை. அதற்குப் பத்தி இல்லை.

மணி ஆறு பதினாறு. கச்சேரி முடியவில்லை. யன்னலால் பார்த்தேன், மாமா எங்கள் படலைக்குள் வந்து நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பாங்கின்மேல் இந்தப் பெட்டி பாடிவிட்டால் போதும். பிறகு குடியில் இருந்து தள்ளினால் ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். குழல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பத்தொன்பதுக்கு, முஅத்தின் தொண்டையைச் செருமும் சத்தம் பள்ளிவாசலில் கேட்டபோது, நானே திருகி அணைத்தேன்.

பாங்கு முழுவதும் முக்காட்டோடு அசையாமல் இருந்தோம். மாமாவும் அசையவில்லை. பாங்கு முடிந்ததும் அவர் தொழப் போயே ஆகவேண்டும்; மரைக்கார் முன்வரிசையில் இல்லாவிட்டால் ஊர் கேட்கும். யன்னலைப் பார்த்தார். நான் சீலையை முழுதாக விலக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, திருகைத் திருப்பினேன்.

சங்கீதம் முடிந்துபோயிருந்தது. கைதட்டல் மட்டும் வந்தது. கசானில் எத்தனை பேர் இருந்தார்களோ, தகரக் கூரையில் மாரி மழை கொட்டுவதுபோல நிற்காமல் கொட்டியது. கைதட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. பெரியம்மா ஒருமுறை சுற்றிப் பார்த்தார், வாயில் கையை வைத்தார், கலியாண வீட்டில் மாப்பிள்ளை படி ஏறும்போது இடுவதுபோல ஒரு குரவை இட்டார். உடனே மற்ற ஒன்பது பேரும். கடைசியில், சிரித்துக்கொண்டே, செசிலியும். மாமா நடந்தார், வேகமாக, திரும்பாமல். குரவை அவரை ஒழுங்கை முனை வரை கொண்டுபோய் விட்டது. பிறகு செசிலி தவிர நாங்கள் பத்துப் பேரும் கைகால் கழுவி வுழூ எடுத்து, அந்த வீட்டிலேயே வரிசையாக நின்று தொழுதோம்.

ஞாயிறு காலை, வெள்ளிக்கிழமை எடுத்த அதே கடதாசியை விரித்தேன். நல்ல கடதாசி, வீணாக்க மனமில்லை. திகதியை மட்டும் வெட்டி, மேலே ஒன்பது என்று திருத்தினேன். இந்த வீட்டில் என்று மாமா சொல்லி நான் எழுதிய இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன. அதிலிருந்தே தொடர்ந்தேன்: இந்த வீட்டில் சுல்பிகா உம்மாவாகிய நான் உட்படப் பதினொரு பேர் கேட்டோம். தொடக்கம் இருபத்திரண்டு நிமிடம் தாமதம். குரல் தெளிவு: நன்று. இடையூறு: இருந்தது, ஆயினும் கேட்டது. தாத்தார் சங்கீதத்தின் கடைசி நான்கு நிமிடமளவு தொழுகை அழைப்பின் பொருட்டு எம்மால் கேட்கப்படவில்லை. அதை மட்டும் மறுபடி ஒலிபரப்ப முடியுமா?

அடுத்த ஜும்ஆவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. திங்கள் பத்தே காலுக்குச் சைக்கிள் மணி கேட்டது. உறையை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனேன். தபால்காரர் அதைத் திருப்பி, அனுப்புபவர் பெயரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். எதிர்க் கடையில் மாமா இருந்தார், மடியில் சுருட்டிய கடதாசி ஒன்றோடு. வாய்க்கால் மனுவா, பள்ளியில் வாசிக்கப்போவதா, தெரியவில்லை.

"பேர வாசிங்க," என்றேன் தபால்காரரிடம். "ஒசக்க வாசிங்க."